செம்பூர் வீட்டு டிவி அலமாரிக்குள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

எங்கள் வீடு மும்பை செம்பூரில், ஒரே ஒரு பெட்ரூம். அது அம்மா அப்பாவுக்கு. ஹால்தான் எனக்கு எல்லாம்: படுக்கை, ஆபீஸ் மேசை, டிவி, விளையாட்டு. மத்தியானம் அப்பா ஹார்டு டிஸ்கில் சேர்த்து வைத்திருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்ப்பார், ராத்திரி பதினொன்றுக்கு மேல் டிவி என் கைக்கு வரும். இந்த இரண்டுக்கும் ஒரே பெட்டி, அதுவும் டிவிக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குள் அடங்கும் பெட்டி வேண்டும் என்பதுதான் யோசனை. அலமாரித் தட்டின் உயரம் 32 செ.மீ., ஆழம் 40. ஏப்ரல் கடைசியில் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு ஆரம்பித்தேன்.

ஏப்ரல் கடைசி வாரம்

சாமான் வாங்க லாமிங்டன் ரோடு, மும்பையில் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. பலகையில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்றுதான் இருக்கும், ஆனால் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. செம்பூரிலிருந்து குர்லா, அங்கே மாறி தாதர், மறுபடி மாறி கிராண்ட் ரோடு. சின்ன கம்ப்யூட்டர் சாமானை அங்கே கேட்டு வாங்குவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எஸ்எஃப்எக்ஸ் என்னும் சின்ன சைஸ் பவர் சப்ளை என்று கேட்டால் முதல் மூன்று கடையில் பெரிய கேபினெட்டுக்கான சாதாரண ஏடிஎக்ஸை எடுத்து வைத்தார்கள். எஸ்எஃப்எக்ஸ் என்றால் 125 மி.மீ. அகலம், 100 மி.மீ. ஆழம், 63.5 மி.மீ. உயரம்தான். நான்காவது கடைக்காரர் மட்டும் "இரண்டு நாள் கொடுங்க பாய், வரவழைக்கிறேன்" என்றார், சொன்னபடி செய்தார்.

வாங்கியது: கூலர் மாஸ்டர் என்ஆர்200 கேபினெட், மினி ஐடிஎக்ஸ் போர்டு (17 செ.மீ.க்கு 17 செ.மீ., உள்ளங்கையை விரித்தால் பாதி மறைந்துவிடும்), ரைசன் 5 7600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு (கேம் காட்சிகளை வரைவது இதுதான்), 32 ஜிபி டிடிஆர்5 ராம், 650 வாட் பவர் சப்ளை. 4060ஐ எடுத்ததற்கு ஒரே காரணம் அதன் 115 வாட். இதைவிட வேகமான கார்டு கிடைக்கும், ஆனால் கார்டு தின்னும் கரன்ட் முழுக்க சூடாகத்தான் வெளியே வரும், மே மாத மும்பையில் அந்தச் சூடு வருவது என் படுக்கை இருக்கும் அதே ஹாலுக்குள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு சேர்த்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. மினி ஐடிஎக்ஸ் என்றாலே போர்டுக்கும் பவர் சப்ளைக்கும் கூடுதல் விலைதான். இடம் இருக்கிற வீட்டுக்காரர்கள் இந்த வழிக்கு வர வேண்டியதில்லை.

மே முதல் ஞாயிறு

பூட்ட நான்கு மணி நேரம் ஆனது. அதில் பாதி ஒயரை மடக்குவதற்கே. போர்டுக்குக் கரன்ட் தரும் 24 பின் ஒயரைப் பவர் சப்ளைக்கும் ராமுக்கும் நடுவில் நுழைத்து, ஃபேன் இறக்கையில் படாமல் டேக் போட்டுக் கட்ட வேண்டும். விரல் நுழையாத இடத்தில் அம்மாவின் ஊசி மூக்குக் குறடு உதவியது.

பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பு. போர்டில் டிராம் (DRAM, அதாவது ராம்) என்று எழுதியிருக்கும் இடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ராம் சரியாக உட்காரவில்லை என்று நினைத்து அணைத்துவிட்டு, கழற்றி மாட்டி, மறுபடி போட்டேன். அதே கறுப்பு. வயிற்றைக் கலக்கியது. கடையில் திருப்பிக் கொடுக்கும் யோசனைகூட வந்துவிட்டது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது: ஏஎம்5 போர்டும் (என் ரைசன் உட்காரும் வகை) டிடிஆர்5 ராமும் முதல்முறை சேரும்போது ராமோடு ஒத்துப்போகும் டைமிங்கை போர்டு தானே தேடிப் பார்க்கும், அதற்குப் பல நிமிடம் ஆகலாம், நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழாவது நிமிடம் டிவியில் பயாஸ் திரை, அதாவது போர்டின் சொந்த செட்டிங் திரை, வந்தது. இதைப் படித்துவிட்டு யாராவது பூட்டப் போகிறீர்கள் என்றால் முதல் தடவை பட்டனை அமுக்கிவிட்டு டீ போடப் போய்விடுங்கள், பத்து நிமிடத்துக்கு அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். ராம் வேகத்தை 6000க்கு மாற்றியபோதும் இதே காத்திருப்பு ஒருமுறை வந்தது.

அதே வாரம், புதன்

எச்டிஎம்ஐ ஒயரை மாட்டக் கேபினெட்டின் பின்பக்கத்தில் கை வைத்தேன், விரலில் சுர்ரென்று ஏறியது. ஷாக் என்று சொல்ல முடியாது, எறும்பு ஊர்கிற மாதிரி. செருப்புப் போட்டால் இல்லை, வெறும் காலில் நின்றால் இருக்கிறது.

தாராவியிலிருந்து எங்கள் பக்கம் வேலைக்கு வரும் எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருவர், திருநெல்வேலிக்காரர், அவரைக் கூப்பிட்டேன். ஒரு பல்பும் இரண்டு ஒயரும்தான் அவருடைய கருவி. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தார், பல்பு பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தார், இழைகூடச் சிவக்கவில்லை. "தம்பி, இந்த மூணாவது ஓட்டை பேருக்குத்தான் இருக்கு, உள்ள ஒயரே கிடையாது" என்றார்.

பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் கேபினெட் உலோகத்தோடு இணைந்திருக்கும். அதன் வழியாகக் கசியும் துளி மின்சாரம் எர்த்தில் இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் மிதக்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் ஆளுக்குப் பெரிய ஆபத்து வராது, ஆனால் அந்த நிலையில் ஒயரைச் சொருகி எடுத்தால் டிவியின் எச்டிஎம்ஐ போர்ட் போய்விடலாம். அதோடு, எர்த் இல்லாத வீட்டில் நாளைக்கு நிஜமாகவே ஃபேஸ் ஒயர் உலோகத்தில் பட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை. அண்ணன் மீட்டர் பெட்டியிலிருந்து பச்சை ஒயர் இழுத்து, கிச்சன் பிளக்குக்கும் சேர்த்துக் கொடுத்தார். ஃப்ரிட்ஜைத் தொட்டால் எப்போதாவது சுர்ரென்கும் என்று அம்மா பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இந்த முழு வேலையிலும் உருப்படியான செலவு எது என்று கேட்டால் அந்தப் பச்சை ஒயரைத்தான் சொல்வேன்.

மே நடுவில்: சத்தம்

படம் ஓட ஆரம்பித்தது. மூன்றாம் நாள் அப்பா, "டயலாக் நடுவுல ஏதோ காத்து அடிக்கிற மாதிரி கேக்குதேப்பா" என்றார். அவருடைய படங்கள் எல்லாம் பழைய மோனோ ஒலி, பேச்சு மெலிசாகத்தான் கேட்கும். அதில் ஃபேன் சத்தம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

பிராசசரோடு இனாமாக வந்த கூலரைப் போட்டிருந்தேன். காது வைத்துக் கேட்டதில் ஒன்று புரிந்தது: ஒரே சீராக வரும் சத்தம் காதுக்குப் பழகிவிடும், ஏறி இறங்கும் சத்தம்தான் தொந்தரவு. ரைசன் ஒரு சின்ன வேலைக்கே ஒரு நொடியில் பதினைந்து டிகிரி தாவும், ஃபேனும் கூடவே ஓடும், அடுத்த நொடி அடங்கும். அதனால் மூன்று காரியம் செய்தேன். இனாம் கூலரை எடுத்துவிட்டு 155 மி.மீ. உயரமான டவர் கூலர். இந்தக் கேபினெட்டில் அதுதான் எல்லை, மூடி மூடியபோது நகக்கண் அளவுதான் இடைவெளி. பயாஸில் பிராசசரைக் குறைந்த கரன்டில் ஓடும் 45 வாட் ஈகோ மோடுக்கு இறக்கினேன். ஃபேன் வேகம் மாறும் முன் சில நொடி பொறுக்கும்படி வைத்தேன். ஈகோ மோடில் கேம் வேகம் குறைந்ததாக என் கண்ணுக்குத் தெரியவில்லை, கார்டுதான் எப்படியும் முதலில் திணறும். நான் 4கே திரையில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி போட்டுத்தான் விளையாடுகிறேன், அதாவது கார்டு வரைவது 2560க்கு 1440தான், மீதியை அது நிரப்பிக்கொள்கிறது. நொடிக்கு 60 ஃபிரேமுக்குமேல் போகாதபடி நிறுத்தியும் வைத்திருக்கிறேன்.

அப்படியும் இரவில் ஒரு மணி நேரம் விளையாடினால் கார்டு 83 டிகிரி போனது. காரணம் அலமாரி. கேபினெட்டின் உயரம் 29 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட, தட்டுக்கு 32. மேலே வெளியேறும் சூடான காற்று பலகையில் முட்டி, பின்னால் அடைப்பு இருப்பதால் சுற்றிக்கொண்டு கீழே வந்து, கார்டு அதையே மறுபடி இழுக்கிறது. தச்சர் வந்து அலமாரியின் பின் பிளைவுட்டை முழுசாக எடுத்தார், கதவுக்குப் பதில் கம்பி வலை. அன்றிரவு அதே கேம், அதே நேரம், 72 டிகிரி. நான் போட்ட எந்த செட்டிங்கும் பதினொரு டிகிரி குறைக்கவில்லை, ஒரு பலகை குறைத்தது.

ஜூன்

அப்பாவின் அடுத்த புகார்: டைட்டிலில் பெயர்கள் மேலே ஏறும்போது விட்டு விட்டு ஏறுகின்றன. அவர் சொன்னது மிகச் சரி. படம் நொடிக்கு 24 ஃபிரேம், டிவி 60 ஹெர்ட்ஸில் இருந்தது. 60ஐ 24 சரியாக வகுக்காது, எனவே ஒரு ஃபிரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டும். டிவி 120 ஹெர்ட்ஸ் எடுக்கும், ஆனால் நான்கு எச்டிஎம்ஐ துளைகளில் இரண்டு மட்டுமே. அதில் ஒன்றுக்கு மாற்றி, விண்டோஸில் 119.88 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்தேன். நிறையக் கோப்புகள் உண்மையில் 23.976 ஃபிரேம்தான், அதை ஐந்தால் பெருக்கினால் சரியாக இது வரும். படம் ஓட்டும் கோடி (Kodi) மென்பொருளில் இப்போது பெயர்கள் எண்ணெய் வழிகிற மாதிரி ஏறுகின்றன. அப்பா ஒரே டைட்டிலை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.

மிச்சம் இருந்தது ரிமோட். என் கார்டின் எச்டிஎம்ஐ வழியாக டிவி ரிமோட்டின் கட்டளை கம்ப்யூட்டருக்குப் போகாது. யுஎஸ்பியில் சொருகும் சின்ன ஐஆர் ரிசீவர் வாங்கி, மூலையில் கிடந்த பழைய டிவிடி பிளேயர் ரிமோட்டின் பட்டன்களைப் பழக்கினேன். தூங்குகிற கம்ப்யூட்டரை அதுவே எழுப்புகிறது. பவர் பட்டனில் அம்மா கொஞ்சம் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்துவிட்டார், கண்ணாடி போடாமலே அப்பாவுக்குத் தெரிகிறது.

மழை பிடித்துவிட்டது. அடியில் இருக்கும் தூசி வலையை நேற்று கழற்றினால் ஆறே வாரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். தண்ணீரில் அலசி, ஃபேனுக்கடியில் காய வைத்திருக்கிறேன். முழுக்க உலர்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். அதுவரை மத்தியானப் படம் இல்லை என்று சொன்னதற்கு, எப்போது காயும் என்று அப்பா காலையிலிருந்து இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டார்.