முள்ளெலிக்கும் சிவப்புப் பெயிண்ட்டுக்கும் ஒரே படிவம்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் சுவர்தான் என் பிழைப்பு. நகர மன்றத்திடம் பராமரிப்பு வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மின்தூக்கி முகப்பு, படிக்கட்டு, கீழ்த்தளத் தூண்கள், மாடிக் கார் நிறுத்துமிடம் என்று எங்கே யார் எதைக் கிறுக்கினாலும் போன் எனக்குத்தான் வரும். படம் எடுத்து, படிவம் நிரப்பி, ஆள் விட்டு அழிப்பது வரை என் பொறுப்பு. படிவத்தில் இடம் கேட்பார்கள், அளவு கேட்பார்கள், பெயிண்டா மார்க்கரா, செலவு எவ்வளவு என்று கேட்பார்கள். சுவரில் இருந்தது என்ன என்று மட்டும் கேட்பதில்லை. எல்லாமே 'சுவர் சேதம்'.

இந்த ஒரே பெயர் எனக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. ஏன் என்று சொல்ல, முதலில் சிவப்புப் பெயிண்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சட்டவிரோத வட்டிக்காரர்கள் ஆள் அனுப்பி எழுதும் எழுத்து அது. 'ஓ டாலர் பி டாலர்'. கடன் வாங்கினாய், கட்டு என்று அர்த்தம். பக்கத்தில் வீட்டு எண். சில சமயம் கதவிலேயே ஒரு வாளிப் பெயிண்ட்டை வீசிவிட்டுப் போயிருப்பார்கள். விடியற்காலையில் நாங்கள் போகும்போது அந்த வீட்டுப் பெண் கதவைத் திறக்கவும் பயந்து கம்பிக்கு உள்ளேயே நிற்பார். கடன் வாங்கியவன் அங்கே குடியிருந்து காலி செய்துவிட்டுப் போனவனாக இருப்பான். அவமானம் மட்டும் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு. எழுதுகிறவனும் பல சமயம் கடனில் மாட்டிக்கொண்ட இளைஞன்தான் என்பது தெரியும். இருந்தாலும் அந்தச் சிவப்பைப் பார்க்கும்போது எனக்கு இரக்கம் வருவதில்லை.

அழிப்பதும் லேசில்லை. மின்தூக்கி முகப்பில் ஓடு பதித்திருந்தால் தின்னர் நனைத்த துணியால் இரண்டு இழுப்பில் போய்விடும். படிக்கட்டுச் சுவர் சாதாரண எமல்ஷன். அதில் தின்னர் பட்டால் மை கரைந்து ரோஸ் நிறத்தில் பரவும். மேலே வெள்ளை அடித்தால் ஒரு வாரத்தில் சிவப்பு மெல்ல மேலே கசிந்து வந்து மறுபடி எழுத்தாகத் தெரியும். கறை கசியாமல் தடுக்கும் பிரைமர் ஒரு கோட்டு, காய்ந்ததும் பெயிண்ட் இரண்டு கோட்டு. அப்படிச் செய்தாலும் வெயிலிலும் மழையிலும் நிறம் மங்கிய சுவரில் புதுப் பெயிண்ட் ஒரு சதுரமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். புளோக் முழுவதற்கும் வண்ணம் பூசுவது ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை. அதுவரை அந்தச் சதுரம் அங்கேயே இருக்கும். அந்த வீட்டுக்கு என்ன நடந்தது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்.

இனி முள்ளெலி.

எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவில், படி திரும்பும் இடத்தில், அழியாத மார்க்கரால் ஒரு வரிசை. எல்லாம் ஜப்பானியக் கார்ட்டூன் பாத்திரங்கள்: வைக்கோல் தொப்பியோடு லூஃபி, நெற்றிப்பட்டை கட்டிய நருட்டோ, ஓரத்தில் பிக்காச்சு. இவற்றை எல்லாப் பேட்டையிலும் பார்க்கலாம். நான்காவதாக இருந்ததைத்தான் நின்று பார்த்தேன். பார்வைக்கு சேகா கம்பெனியின் சோனிக் முள்ளெலி மாதிரி. 1991இல் வந்த அந்த விளையாட்டின் ரசிகர்கள், அதே உடலமைப்பில் சொந்தமாக ஒரு பாத்திரத்தை உருவாக்கி அதற்குப் பெயரும் சக்தியும் கொடுப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். இந்த முள்ளெலி கறுப்பு. முட்களின் நுனி மட்டும் பச்சை. காலில் சோனிக்கின் சிவப்புக் காலணி கிடையாது. பள்ளிக்கூடத்து வெள்ளை கேன்வாஸ், ஒரு காலில் நாடா அவிழ்ந்து கிடக்கிறது. முதுகில் பை. பக்கத்தில் கட்டம் கட்டி, வேகம் 9, மூளை 6, பயம் 2 என்று எழுதியிருந்தது. பயத்துக்கும் மதிப்பெண் கொடுத்திருந்த பிள்ளையை அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

கூட வந்த புதுக்கோட்டைக்காரர் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "அண்ணே, இதையும் அழிக்கணுமா? புள்ள கை சுத்தமா இருக்கே."

அழித்தோம். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. கேட்காமல் எழுதப்பட்ட சுவர் அது. தின்னர் நெடியை மூச்சில் வாங்குகிறவர் புதுக்கோட்டைக்காரர்தான், வரைந்த பையன் இல்லை. தெருவோவியத்தைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் கையை மறந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். அப்புறம் இன்னொன்றும் உண்டு. வேறொரு புளோக்கில் யாரோ சுகுனா என்ற ஜப்பானியக் கார்ட்டூன் வில்லனை வரைந்திருந்தார்கள். நான்கு கண்ணும் கோரச் சிரிப்புமாக, நிஜமாகவே திறமையான கை. அது சீனர்களின் ஏழாம் மாதம், ஆவிகள் உலவும் மாதம். அந்த மாடியில் தனியாக இருந்த சீனப் பாட்டி படிக்கட்டுப் பக்கமே போகாமல் இருந்தார். வரைந்தவனுக்கு அது பிரியமான பாத்திரம். பாட்டிக்கு வாசலுக்கு வந்து நின்ற பேய். பொதுச் சுவர் என்பதே, பார்க்க விரும்பாதவரும் பார்த்தாக வேண்டிய இடம்.

ஆகவே ரசிகர்கள் வரைவதெல்லாம் கலை, விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஒருவரை மிரட்ட எழுதியதும் ஒன்றைப் பிரியப்பட்டு வரைந்ததும் ஒரே குற்றம் என்றால் அதை நான் ஏற்கமாட்டேன்.

அந்தப் பையனைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. 2012இல் தொடங்கி வீவக புளோக்குகளிலும் மாடிக் கார் நிறுத்துமிடங்களிலும் போலிஸ் கேமராக்கள் வந்துவிட்டன. ஆனால் இங்கே கேமரா தேவைப்படவில்லை. அழித்துக்கொண்டிருக்கும்போதே அவன் அம்மா அவனைத் தோளைப் பிடித்து அழைத்துவந்தார். தமிழ்க் குடும்பம். பையன் தொடக்கநிலை 6, அதாவது ஆறாம் வகுப்பு. அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், பிரம்படி குடுத்துருவாங்களா?"

சிங்கப்பூரில் எந்தத் தாய்க்கும் அந்தக் கேள்விதான் முதலில் வரும். இங்கே வாண்டலிசம் சட்டம், அதாவது சொத்தை நாசம் செய்வதற்கு எதிரான சட்டம், 1966இல் வந்தது. அன்றைக்கு அரசாங்கம் கவலைப்பட்டது சுவர்களில் எழுதப்பட்ட அரசியல் முழக்கங்களைப் பற்றி. 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை, கூடவே 3 முதல் 8 பிரம்படி. 1994இல் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்க இளைஞருக்குக் கார்களில் பெயிண்ட் அடித்ததற்காக 6 பிரம்படி விதிக்கப்பட்டு, அதிபர் கிளின்டன் கேட்டுக்கொண்ட பிறகு 4 ஆகக் குறைந்தது. உலகத்துக்கு நம் சட்டம் தெரியவந்தது அப்படித்தான்.

ஆனால் அதே சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு விதிவிலக்கு இருக்கிறது. முதல் தடவை சிக்குகிறவர் பென்சில், கிரேயான், சாக்பீஸ் போன்ற அழிந்துபோகும் பொருளால் எழுதியிருந்தால் பிரம்படி கிடையாது. பெயிண்ட், தார் மாதிரி அழியாத பொருள் என்றால் உண்டு. கடுமைக்குப் பெயர்போன சட்டமே கிறுக்கலில் வகை பிரித்திருக்கிறது. எங்கள் படிவம் பிரிக்கவில்லை.

அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: இது சின்னப் பிள்ளை விஷயம், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், முடிவு மேலிடத்தில். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சோனிக் ரொம்பப் பிடிக்குமோ என்று கேட்டதும்தான் தலையைத் தூக்கினான். "அது சோனிக் இல்ல அங்கிள். அது என்னோடது."

பிறகு எச்சரிக்கையோடு முடிந்தது. சுத்தம் செய்த செலவைக் குடும்பம் கொடுத்தது. நியாயம்தான்.

படம் நன்றாக இருந்தால் கலை, மோசமாக இருந்தால் நாசம் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். 2010இல் ஆலிவர் ஃபிரிக்கர் என்ற சுவிஸ்காரர், கூட்டாளியோடு சாங்கி பணிமனை வேலியை வெட்டி உள்ளே போய் எம்ஆர்டி என்ற நகர ரயிலின் பெட்டியில் பெரிய எழுத்தில் ஸ்பிரே அடித்தார். அந்த ரயில் அப்படியே பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. பார்த்த ஊழியர்கள் அதை விளம்பரம் என்று நினைத்தார்கள். அவருக்கு 5 மாதச் சிறையும் 3 பிரம்படியும். மேல்முறையீட்டில் சிறை 7 மாதமானது. அந்த ஊழியர்களை நான் குறை சொல்லமாட்டேன். விளம்பரம் சுற்றிய ரயில்களைத் தினமும் பார்த்த கண் அது. அனுமதிக் கடிதம் இருக்கிறதா இல்லையா என்பது படத்தில் தெரியாது.

2012இல் 'ஸ்டிக்கர் லேடி' என்று பேசப்பட்ட சமந்தா லோ, சாலையில் ஸ்டென்சிலால் 'மை கிராண்ட்ஃபாதர் ரோடு' என்று எழுதினார். நம்மவர்கள் 'உங்கப்பன் வீட்டு ரோடா' என்று கேட்பதற்கு இங்கத்திய வழக்கு அது. போக்குவரத்து விளக்குப் பொத்தான்களிலும் ஸ்டிக்கர் ஒட்டினார். குற்றச்சாட்டின் கடுமையைக் குறைக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2013இல் 240 மணி நேரச் சமூக சேவை விதிக்கப்பட்டது. பின்னாளில் அதே கலைஞரை அழைத்துச் சுவரோவியம் வரையச் சொன்னார்கள். அந்தத் தண்டனை எனக்குச் சரியான அளவாகப் படுகிறது. தவறு என்று சொல்லியது, கையை முடக்கவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர் பாருவில் நடந்தது இன்னும் நெருக்கம். பினாங்கில் 2012இல் சைக்கிள் பிள்ளைகளை வரைந்து பேர்பெற்ற லிதுவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சகாரெவிச், 2013இல் ஜொகூர் பாரு தெருமுனை ஒன்றில் இரண்டு லீகோ பொம்மைகளை வரைந்தார். கைப்பையோடு நடந்துவரும் பெண். மூலைக்கு அந்தப் பக்கம் கத்தியோடு ஒளிந்திருக்கும் திருடன். நகரத்தின் வழிப்பறி பயத்தைக் குழந்தைகளின் பொம்மையை வைத்துச் சொன்ன படம். நகராட்சி சில நாட்களில் வெள்ளை அடித்துவிட்டது. அதற்குள் அது ஸ்டிக்கராகவும் சட்டையாகவும் ஊரெல்லாம் பரவிவிட்டது. என் தொழிலில் இருக்கிறவனாகச் சொல்கிறேன், பெயிண்ட் அடித்து மறைக்கிற அவசரத்தில் சுவர் சொன்னதை யாரும் படிப்பதில்லை.

அனுமதி வாங்கிய சுவர்களுக்குத்தான் என்ன குறை என்று கேட்பீர்கள். லிட்டில் இந்தியாவுக்குப் போனால் பெலிலியோஸ் சந்தில் கிளி ஜோசியரும் பூக்கட்டுகிறவரும் சுவர் நிறைய இருக்கிறார்கள். எனக்குப் பிடித்த சுவர் அது. எங்கள் புளோக் கீழ்த்தளங்களிலும் குடியிருப்பாளர் குழுவும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து வரைந்த தூண்கள் உண்டு. ஆர்க்கிட் பூ, கைகோத்து நிற்கும் நான்கு இனப் பிள்ளைகள், மரம், பறவை. அழகாகவே இருக்கும். ஆனால் பிள்ளைகள் தாங்களாக வரைவது எதுவும் அதில் இருக்காது. பிக்காச்சு வரைய முடியாது, பதிப்புரிமை. லூஃபிக்கும் அதே கதை. இந்த மாதிரி ஓவிய நாளில் ஒரு சிறுமி சோனிக் வரையலாமா என்று கேட்டு, கூடாது என்றதும் பூவுக்கு மஞ்சள் அடிக்கப் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் சொந்தமாக உருவாக்கிய கறுப்பு முள்ளெலியைக்கூட, பார்த்தால் சோனிக் மாதிரி இருக்கிறதே என்று தள்ளிவிடுவார்கள். அனுமதி உள்ள சுவரில் இடமில்லை, அனுமதி இல்லாத சுவரில் குற்றம். பிறகு அவன் எங்கே போவான்? நோட்டுப் புத்தகத்தில் வரையட்டும் என்பீர்கள். வரைகிறான். ஆனால் தான் உருவாக்கியதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்கிற ஆசை வரைகிற எல்லாக் கைக்கும் உண்டு. பார்த்து வரைந்துதான் கை பழகும். கோயில் சிற்பியின் பிள்ளையும் அப்பா செதுக்கியதைப் பார்த்துத்தான் ஆரம்பிக்கிறான்.

அதனால் குழுவிடம் ஒன்றைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கீழ்த்தளத்தில் மழைச்சாரல் படாத ஒரு தூணுக்குக் கரும்பலகைப் பெயிண்ட் அடிக்க வேண்டும். பக்கத்தில் சாக்பீஸ் டப்பா. எந்தப் பாத்திரத்தையும் யாரும் வரையலாம். நிரந்தரமாக எதுவும் நிற்காது என்பதால் வடிவத்துக்கு ஒப்புதல், பதிப்புரிமைச் சரிபார்ப்பு எதுவும் தேவைப்படாது என்பது என் வாதம்.

கூட்டத்தில் கேள்விகள் வந்தன. கெட்ட வார்த்தை எழுதினால்? ஈரத் துணி போதும், தின்னர் வேண்டாம், மூச்சு முட்டாது. பெரிய பையன்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டால்? வெள்ளிக்கிழமை தோறும் துடைத்துவிடுவோம், சனிக்கிழமை யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு. பேய் முகம் வரைந்தால்? தூண், தபால் பெட்டிகளுக்கு எதிரில் வேண்டாம். சைக்கிள் நிறுத்துமிடத்துப் பக்கம் இருக்கட்டும், வயதானவர்கள் அந்த வழியாகப் போவதில்லை. இதனால் மாடிப்படியில் கிறுக்குவது நின்றுவிடுமா என்று ஒருவர் கேட்டார். நின்றுவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. நிற்காவிட்டாலும் இந்தத் தூண் வேண்டும் என்றேன். செலவு, ஒரு டின் பெயிண்ட்டும் எங்கள் ஆள் ஒருவரின் அரைநாள் வேலையும். அடுத்த கூட்டத்தில் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.