இறுக்கிய பிறகுதான் சுவிட்ச்

10 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகட்டில் ஒரு ஓட்டை போட எங்கள் பெஞ்ச் டிரில்லுக்கு அரை நிமிடம்கூட வேண்டாம். அதே தகட்டை வைஸில், அதாவது ரெண்டு தாடைகளுக்கு நடுவில் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பிடியில், ஒழுங்காக உட்கார வைத்து இறுக்க எனக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். வெளியாள் பார்த்தால் அந்த நேரத்தில் நான் சும்மா நிற்பதாகத்தான் நினைப்பார். ஆனால் என் வேலையில் பெரும்பகுதி அந்த மூன்று நான்கு நிமிடத்துக்குள் இருக்கிறது.

கோவை கணபதிப் பக்கம் மற்ற கம்பெனிகளின் பாகங்களைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகளில் 22 வருடமாக இருக்கிறேன். 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. மில்லுகள் பெருகின. அப்புறம் மோட்டாரும் பம்பும் இந்த ஊரின் தொழிலாகவே ஆகிவிட்டன. எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளுக்கு வருவதும் பெரும்பாலும் அந்த வேலைதான். பம்பு கவர், குழாயை இணைக்கும் வட்டத் தகடான பிளேஞ்ச், மோட்டார் அடிக்கட்டை என்று எதை எடுத்தாலும் அதில் நாலு ஓட்டையாவது இருக்கும்.

ஐடிஐயில் பிட்டர் முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நடந்தது இது. அந்தப் பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். 2 மி.மீ. தகட்டுப் பட்டையில் 8 மி.மீ. ஓட்டை, 200 பீஸ். ஓட்டைக்கு இவ்வளவு என்று கூலி. வைஸில் கட்டிக் கழற்றினால் நேரம் போகும் என்று எல்லாரும் கையிலேயே பிடித்துப் போட்டார்கள், நானும் போட்டேன். நூறு பீஸ் வரை ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் ஒரு பீஸில், ஓட்டை போடும் டிரில் பிட் மறுபக்கம் வெளியே வந்த நொடியில் பட்டை பிட்டோடு மேலே ஏறிச் சுழன்று, என் இடது கட்டைவிரல் அடியைக் கிழித்துக்கொண்டு போனது. நாலு தையல். தழும்பு இன்னும் இருக்கிறது.

ஏன் அப்படி ஆனது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. சாதாரண பிட்டின் முனைக் கோணம் 118 பாகை. 8 மி.மீ. பிட்டில் அந்தக் கூம்பு மட்டுமே ஏறக்குறைய 2.4 மி.மீ. உயரம் இருக்கும். தகடோ 2 மி.மீ. அதாவது பிட்டின் முழு வட்டம் தகட்டுக்குள் இறங்குவதற்கு முன்பே முனை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிடுகிறது. அதுவரை கைப்பிடியை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்ததே அந்த முனைதான். அந்த எதிர்ப்பு திடீரென்று போனதும், நாம் கொடுக்கும் அழுத்தம் முழுக்க வெட்டு விளிம்புகளுக்குப் போகிறது. அவை ஒரேயடியாகக் கடிக்கின்றன. பிட்டின் சுருள் பள்ளம் திருகாணி மாதிரி தகட்டை மேலே இழுக்கிறது. மெஷின் 800 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடினால் நொடிக்கு 13 சுற்று. கையை எடுக்கலாம் என்று மனசு நினைப்பதற்குள் தகடு ரெண்டு மூன்று சுற்று சுற்றியிருக்கும்.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு போய் நின்றபோது மேஸ்திரி திட்டவில்லை. "வைஸ் எங்க கண்ணு?" என்று மட்டும் கேட்டார். "அதோட தாடைத் தகட்டுல ஸ்குரூ போயிருச்சுங்க, மேசைக்கடியில கெடக்குதுங்க" என்றேன். அவரே குனிந்து இழுத்து எடுத்து, துருவைத் தேய்த்து, ஸ்குரூ மாற்றி, அன்று மத்தியானம் வரை அதிலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக் கட்டிக் காட்டினார். இன்றைக்கும் நான் செய்வது அவர் காட்டிய அதே வரிசைதான்.

முதலில் பிரஷ்ஷால் வைஸின் அடியையும் தாடையையும் துடைக்க வேண்டும். கையால் கூடாது, பிட் வெட்டித் தள்ளிய இரும்புச் சுருள் விரலைக் கிழித்துவிடும். ஜாப்புக்கு, அதாவது ஓட்டை போடும் பீஸுக்கு, அடியில் சம உயரமுள்ள ரெண்டு பேரலல் கட்டைகளை, பிட் வெளியே வரும் இடத்தை விட்டு வைக்க வேண்டும். பாதி இறுக்கிவிட்டு, ஜாப்பை நைலான் சுத்தியலால் மெல்லத் தட்டி முழுசாக இறுக்க வேண்டும். நகரும் தாடை இறுகும்போது ஜாப்பைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடும், அதற்காகத்தான் சுத்தியலால் அப்படித் தட்டுவது. கடைசியாக ரெண்டு கட்டைகளையும் விரலால் ஆட்டிப் பார்ப்பது. எந்தக் கட்டை ஆடுகிறதோ அந்தப் பக்கம் ஜாப் உட்காரவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓட்டை போட்டால் சாய்வாகத்தான் இறங்கும்.

வைஸை மேசையோடு போல்ட் போட்டுக் கட்டுவதுதான் சரி. சின்ன ஓட்டைகளுக்குச் சிலர் கட்டாமல் வைப்பார்கள். அப்போதும் வைஸின் நீளம் இடது பக்கம் இருக்கட்டும் என்பார் மேஸ்திரி. மேலிருந்து பார்த்தால் பிட் வலப்புறமாகச் சுற்றுகிறது. பிட் கடித்து வைஸைச் சுழற்றினால் அந்த இடது முனை பின்னால் போய் மெஷினின் தூணில் மோதி நிற்கும். வலது பக்கம் நீட்டியிருந்தால் நம் வயிற்றுக்குத்தான் வரும். மெல்லிய தகடு என்றால் அடியில் மரப்பலகை கொடுத்துச் சேர்த்துக் கிளாம்ப் பண்ண வேண்டும். உருண்டை ராடுக்கு, அது உருளாமல் உட்கார V வடிவப் பள்ளம் உள்ள வி பிளாக்.

வேகமும் அப்படித்தான். மைல்ட் ஸ்டீலுக்கு 10 மி.மீ. பிட் 800 ஆர்.பி.எம். பக்கம் ஓடலாம், 20 மி.மீ. என்றால் அதில் பாதி. பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறைக்கப் பெல்ட்டை மாற்றச் சோம்பல்பட்டு ஓட்டினால் முனை நீலம் பாரித்துவிடும். ஸ்டீலுக்குப் பால் மாதிரி வெள்ளையாக ஓடும் கூலன்ட், அதாவது சூட்டைத் தணிக்கும் திரவம், வேண்டும். வார்ப்பிரும்புக்கு வேண்டாம், அது பொடியாக உதிரும். அந்தப் பொடிதான் ஆடி மாதத்தில் படுத்தும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஷட்டர் வழியாக நுழைந்து எல்லாவற்றையும் முகத்தில் அடிக்கும். கண்ணாடி போடாமல் யாரையும் நான் நிற்க விடுவதில்லை. கையுறை மட்டும் சுற்றும் பிட்டுக்குப் பக்கத்தில் ஆகவே ஆகாது. நூல் ஒன்று சிக்கினால் கையையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அந்த ஓட்டைக் கணக்குக் கூலியில்தான். எண்ணிக்கைக்குக் காசு என்றால் பையன் முதலில் விடுவது இறுக்கும் வேலையைத்தான். அதில் லாபமும் இல்லை. வைஸை ஒரே இடத்தில் கட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டாப்பர் வைத்தால் ஒவ்வொரு பீஸும் தானாக அதே இடத்தில் உட்காரும். கோடு போட்டு மார்க் பண்ணுவதும் சென்டர் பஞ்ச்சால் புள்ளி குத்துவதும் முதல் பீஸுக்கு மட்டும் போதும். ஒரு பீஸுக்கு வைஸ் மெதுவாகத் தெரியலாம். 200 பீஸ் என்றால் கையில் பிடிப்பவனைவிட வைஸில் போடுபவன்தான் முன்னால் முடிப்பான். இதை முதலாளிமாருக்கும் சொல்லியிருக்கிறேன். சிலர் கேட்டார்கள்.

இப்போது எங்களிடம் வடக்கிலிருந்து வந்த பையன்களும் இருக்கிறார்கள். "டைட்" என்ற சொல் எல்லாருக்கும் புரிகிறது, கட்டையை விரலால் ஆட்டுவதைச் செய்து காட்டினால் போதும். போன மாதம் சேர்ந்த அன்னூர்ப் பையன் ஒருவன் நேற்று ஒரு பிளேஞ்சைக் கட்டிவிட்டு, சுவிட்சைத் தொடாமல் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணா, இந்தப் பக்கத்துக் கட்டை ஆடுதுங்க."

"கழட்டிப் பாரு கண்ணு."

கழற்றினான். அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு சுருள் ஒட்டியிருந்தது. பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தான்.