சேறு கூடியது, எண் குறைந்தது

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலைய ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த முதல் ஐப்பசி. ஆற்றில் வெள்ளம். காலை எட்டு மணித் தண்ணீர், கலங்கலை அளக்கும் டர்பிடிட்டி மீட்டரில் 640 என்.டி.யூ. (கலங்கலின் அலகு) காட்டியது. பன்னிரண்டு மணிக்கு எடுத்ததோ டீ நிறத்தில் இருந்தது. குப்பிக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியவில்லை. மீட்டரில் 510. கலங்கல் குறைகிறது என்று நம்பி பதிவேட்டில் எழுதினேன், எவ்வளவு படிகாரம் போட்டால் சேறு திரண்டு படியும் என்று ஜார்களில் பார்க்கும் ஜார் டெஸ்டுக்குப் படிகாரத்தையும் குறைத்துப் போட்டேன். ஆறு ஜாரில் ஒன்றுகூடத் தெளியவில்லை.

"என்னம்மா, கண்ணு ஒண்ணு சொல்லுது, மீட்டர் வேற சொல்லுது. எதை எழுதுவ?" என்று கேட்ட மூத்த வேதியியலர், டீக்கு வைத்திருந்த பாலில் இரண்டு சொட்டை ஒரு பீக்கர் தண்ணீரில் விட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்தார். தண்ணீர் லேசாக நீலம் பூத்தது. எதிர்ப்புறம் நின்று பார்த்தால் அதே வெளிச்சம் மஞ்சள். சிறு துகள்கள் நீலத்தை அதிகம் சிதறடிப்பதால் வரும் நிறம் இது. இன்னும் கொஞ்சம் பால் விட்டதும் நீலம் போய் வெறும் வெள்ளை. ஒரு துகளில் பட்டுச் சிதறிய ஒளி வெளியே வருவதற்குள் அடுத்ததில், அதற்கடுத்ததில் என்று பட்டுப் பட்டு எல்லா நிறமும் கலந்துவிடுகிறது.

மீட்டருக்குள்ளும் இதுதான் நடந்திருக்கிறது. விளக்குக்கு 90 பாகையில் இருக்கும் உணர்வி, ஒளி ஒரே ஒரு முறை சிதறி வருகிறது என்ற கணக்கில்தான் எண் சொல்கிறது. துகள் குறைவாக இருக்கும்வரை அது சரி. துகள் இரட்டித்தால் ஒளியும் இரட்டிக்கும். சேற்றுத் தண்ணீரிலோ விளக்கொளி குப்பியின் நடுவுக்கே போய்ச் சேருவதில்லை. சிதறியதும் வழியில் திரும்பத் திரும்ப மோதி, ஒவ்வொரு மோதலிலும் களிமண்ணுக்குக் கொஞ்சம் பறிகொடுக்கிறது. உணர்விக்கு வருவது குறைந்துபோகிறது. இந்தப் பலமுறைச் சிதறலைக் கணக்கில் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலை இல்லை. விண்மீன்களின் வளிமண்டலத்துக்காக 1940-களில் அந்தக் கணக்கைப் போட்டவர்களில் நம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரும் ஒருவர் என்று பின்னாளில் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்களுக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம், பிப்பெட் போதும். 40 என்.டி.யூ.வுக்குக் கீழே வரும்வரை நீர்க்க வேண்டும். 20 மடங்கு நீர்த்தேன்: 66, அதாவது 1320. 40 மடங்கு: 36, பெருக்கினால் 1440. சந்தேகத்துக்கு 80 மடங்கும் பார்த்தேன். 18. மறுபடியும் 1440.

510 எங்கே, 1440 எங்கே! குழாயில் போகும் தண்ணீர் 1 என்.டி.யூ.வுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 5 வரை. அதைத் தாண்டினால் கிருமிகள் சேற்றுக்குள் பதுங்கி குளோரினுக்குத் தப்பிவிடும். அந்த 510-ஐ வைத்துப் படிகாரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மூன்று மணிக்கு ஜார் டெஸ்டைத் திரும்பப் போட்டோம். நான்காவது ஜாரில் பஞ்சுபோல் திரண்டு அடியில் இறங்கியது. பதிவேட்டில் 510-ஐ ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் 1440 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.