கை வைக்க ஓர் இடம்

"அதையும் எடுத்துட்டா அப்புறம் நான் எங்க சார் கை வைக்கிறது?"

உருகிய அலுமினியத்தை அச்சுக்குள் அழுத்தி வார்க்கும் டை காஸ்டிங் மெஷினில், கடைசிக் கட்டத்தில் அழுத்தத்தைப் பெருக்கும் இன்டென்சிஃபையரின் லைனை எளிமையாக்கிக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் மூத்த ஃபிட்டர் கேட்ட கேள்வி இது. மெஷின் கவர் மேல் டிராயிங்கை விரித்து வைத்திருந்தேன். பழைய டிராயிங்கில் திரவம் போகும் வேகத்தைக் கையால் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வு இருந்த இடத்தில் புதியதில் வெறும் கோடுதான் போகும். அவர் விரல் அந்தக் கோட்டின் மேல் நின்றது. நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். "கையே வைக்க வேண்டாம்ணே. அதுக்குத்தான் இதெல்லாம்."

அவர் டிராயிங்கை இன்னொரு முறை பார்த்தார். "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் "சரி"யை ஒப்புதல் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன். பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்தக் காட்சி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.

நான் செய்தது தவறான வேலை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய அமைப்பில் ஷாட்டுக்கு, அதாவது உலோகத்தை அச்சுக்குள் தள்ளும் அடிக்கு, ஒரு அக்குமுலேட்டர் (அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் கலன்), இன்டென்சிஃபையருக்குத் தனியாக இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி நைட்ரஜன் பாட்டில். நடுவில் செக் வால்வு, சீக்வென்ஸ் வால்வு, இந்த ஊசி வால்வு. இவற்றை இணைக்கும் ஹோஸ்கள் மெஷினுக்குப் பின்னால் பின்னிக் கிடக்கும். வாரம் ஒரு முறையாவது எங்காவது கசியும். ஓடுவது தண்ணீர் கலந்த வாட்டர் கிளைக்கால் திரவம் என்பதால் தீப்பிடிக்கும் பயம் குறைவு. ஆனால் அழுத்தம் அழுத்தம்தான். ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்து, அதன் எதிரே கை போனால், திரவம் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே ஒரு சிறு குத்து போலத்தான் தெரியும். உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும், உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

அதனால் எல்லாவற்றையும் ஒரே பிளாக்குக்குள் கொண்டுவந்தேன். செக் வால்வு இன்டென்சிஃபையர் பிஸ்டனின் நடுவிலேயே போனது. இரண்டு அக்குமுலேட்டருக்குப் பதில் ஒன்று. ஊசி வால்வுக்குப் பதில் அளவெடுத்துத் துளைத்த ஓர் ஆரிஃபிஸ், திருப்பி மாற்ற முடியாத வெறும் துளை. இணைப்புகள் பாதிக்கும் கீழே குறைந்தன. மெஷினுக்குப் பின்னால் தரை காய்ந்து கிடந்ததை நான் முதன்முதலில் பார்த்தது அதற்குப் பிறகுதான். இரவு இரண்டு மணிக்கு வரும் போன்கள் ஏறக்குறைய நின்றுபோயின. இதையெல்லாம் இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

கணக்கும் போட்டிருந்தேன். ஷாட் பிஸ்டன் 100 மி.மீ., உலோகத்தைத் தள்ளும் பிளஞ்சர் 60 மி.மீ. என்றால் பரப்பளவு விகிதம் 2.78. அக்குமுலேட்டரில் 140 பார், இன்டென்சிஃபையர் 2.5 மடங்கு என்றால் உராய்வு இழப்பையெல்லாம் விட்டுவிட்டு உலோகத்தின் மேல் சுமார் 972 பார் விழும். பெருக்கம் இல்லாவிட்டால் 389 பார்தான். அலுமினியம் உறையும்போது கன அளவில் ஏறக்குறைய 6 சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை நிரப்பப் புதிய உலோகத்தை கேட் (அச்சுக்குள் உலோகம் நுழையும் வாய்) வழியாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் கேட் உறைவதற்குள். இன்டென்சிஃபையரின் வேலையே அதுதான்.

இதில் நான் லேசாகக் கடந்துபோன ஓர் இடம் உண்டு. ஒரே அக்குமுலேட்டர் என்றால், ஃபாஸ்ட் ஷாட் முடிந்த கணத்தில் அது கொஞ்சம் காலியாகியிருக்கும். 140 பார் 125 ஆக இறங்கியிருந்தால் உலோகத்தில் 868 தான். இந்தப் பக்கம் 15 போனால் அந்தப் பக்கம் 104 போகும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. பாட்டில் பெரிதாக இருந்தால் இறக்கம் குறையும் என்று பெரிய பாட்டில் போட்டேன். அது சரியாகவே வேலை செய்தது. பிரச்சினை அங்கிருந்து வரவில்லை.

பிரச்சினை வேகத்தில் வந்தது. எவ்வளவு அழுத்தம் என்பதோடு, அது எத்தனை மில்லி செகண்டில் ஏறுகிறது என்பதும் முக்கியம். 2 மி.மீ. கேட் உள்ள மெல்லிய பாகத்துக்கு அழுத்தம் சட்டென்று வர வேண்டும். தாமதித்தால் கேட் உறைந்துவிடும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் பிளஞ்சருக்கு முன்னால் மிஞ்சும் பிஸ்கட் என்கிற வட்டு மட்டும்தான் நசுங்கும், பாகத்துக்குள் எதுவும் போய்ச் சேராது. பரப்பு அகலமாக, கேட் தடிமனாக இருக்கும் பாகத்தில் கதை வேறு. அங்கே அழுத்தம் ஒரே அடியாக ஏறினால் டை, அதாவது அச்சு, மயிரிழை திறக்கும், இடுக்கில் உலோகம் பிதுங்கிப் பிசிறு அடிக்கும். கொஞ்சம் மெதுவாக ஏற்றலாம், கேட் அதுவரை பொறுக்கும். நான் ஆரிஃபிஸின் அளவை மெல்லிய பாகத்துக்குப் பார்த்து வைத்தேன். எங்கள் ஆர்டரில் பெரும்பகுதி அதுதான். ஒன்றே ஒன்று என்றால் அதற்குத்தானே வைக்க முடியும்?

தடிமன் பாகத்தின் டை ஏறியதும் பிசிறு வந்தது. டைக்கு ஏற்ப மெஷினை அமைக்கும் செட்டர் என்ன செய்வார்? திருப்ப வால்வு இல்லை. கைக்கு எட்டுவது அக்குமுலேட்டர் அழுத்தம் ஒன்றுதான். அதைக் குறைத்தார். பிசிறு நின்றது. எல்லோருக்கும் நிம்மதி. சில வாரங்கள் கழித்து, மெஷினிங்குக்குப் போன பாகங்கள் லீக் டெஸ்டில் விழத் தொடங்கின.

ஒன்றை நானே அறுத்துப் பார்த்தேன். போல்ட்டுக்காகத் தடித்து நிற்கும் மேட்டின், அதாவது பாஸின், நடுவில், போல்ட் துளைக்குப் பக்கத்தில், ஒரு குழி. காற்று மாட்டியிருந்தால் குழி வழவழப்பாக, உருண்டையாக, உள்சுவர் பளபளவென்று இருக்கும். இது அப்படி இல்லை. விளிம்பெல்லாம் பிய்ந்து, உள்ளே லென்ஸில் பார்த்தால் குட்டிக் குட்டிக் கிளைகளாக உலோகம் நீட்டிக்கொண்டிருந்தது. உறையும்போது வந்து சேர வேண்டிய உலோகம் வரவே இல்லை. அந்தக் குழியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுகூட எனக்கு ஃபிட்டரின் கேள்வி ஞாபகம் வரவில்லை. அந்த ஒரு மெஷினில் மட்டும் ஒரு வேகக் கட்டுப்பாட்டு வால்வைத் திரும்பச் சேர்த்தோம். அழுத்தத்தைப் பழையபடி ஏற்றினோம். பாகங்கள் தேறின. ஃபைல் மூடியது.

ஞாபகம் வந்தது அதற்கும் பிறகு, ஸ்கிராப்புக்குப் போகவிருந்த பழைய பாகங்களுக்கு நடுவில் அந்த ஊசி வால்வைப் பார்த்தபோது. கைப்பிடிக்குக் கீழே, வால்வின் உடம்பில், டாட் பஞ்சால் அடித்த மூன்று புள்ளிகள். கைப்பிடியிலும் ஒரு கீறல். கீறல் எந்தப் புள்ளிக்கு நேராக நிற்கிறதோ அது ஒரு டைக்கான செட்டிங். மேனுவலிலோ செட்டப் ஷீட்டிலோ இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஒவ்வொரு டை மாற்றும்போதும் அவர் வந்து ஒரு திருப்பு திருப்பிவிட்டுப் போயிருக்கிறார். நான் அந்த வால்வை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், குனிந்து பார்த்ததில்லை. அவர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

இங்கேதான் என் மனது இரண்டு பக்கமும் இழுக்கிறது. ஒரு பக்கம், ஒருவர் கையில் மட்டும் இருக்கிற செட்டிங் ஆபத்தானது. அவர் லீவில் போனால் என்ன ஆகும்? மூன்று புள்ளிகளை நம்பி ஒரு தொழிற்சாலை ஓடக் கூடாது. நான் எடுத்திருக்காவிட்டாலும், அவர் போன மறுமாதம் அந்த வால்வை யாராவது தப்பாகத் திருப்பி வைத்திருப்பார்கள். இது உண்மை.

இன்னொரு பக்கம், அவர் என்னிடம் கேட்டது அதைத்தான். கை வைக்க இடம் வேண்டும் என்றார். எதற்கு, எந்த டைக்கு, எவ்வளவு என்று நான் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் வால்வை விட்டுவைத்திருப்பேன், அல்லது அந்த மூன்று செட்டிங்கையும் தாளில் ஏற்றியிருப்பேன். "கையே வைக்க வேண்டாம்" என்று சொன்னபோது நான் கசிவை நினைத்தேன், தோலைத் துளைக்கும் திரவத்தை நினைத்தேன். அவருக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கலாம். இனி நீங்கள் வேண்டாம் என்று கேட்டிருக்கலாம். அப்படி நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேனா என்றால், இல்லை. என் கண் டிராயிங்கிலேயே இருந்தது.

அவர் ஏன் விளக்கவில்லை என்றும் சில சமயம் கோபம் வருகிறது. பிசிறு அடிக்கும் சார் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே? பிறகு யோசித்தால், கேள்வியாகக் கேட்டதே அவர் சொன்ன விதம்தானோ என்று தோன்றுகிறது.

ஸ்கிராப்பிலிருந்து எடுத்த வால்வு என் மேஜை டிராயரில் இருக்கிறது. பழைய செட்டப் ஷீட்டுகளை வைத்து இரண்டு புள்ளிகள் எந்த டைக்கு என்று ஒருவாறு கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாவது பிடிபடவில்லை.

இப்போது புதிதாக ஒரு மெஷினுக்கு பிளாக் வரைந்துகொண்டிருக்கிறேன். இன்டென்சிஃபையர் லைனில் ஊசி வால்வை வரைந்தேன், அழித்தேன், மறுபடியும் வரைந்திருக்கிறேன். கூடுதலாக ஒரு சீல், கூடுதலாக ஒரு கசிவு இடம். அங்கே யாராவது விரல் வைத்துத் தடவலாம். ஒப்புதல் படிவத்தில் ஒவ்வொரு வால்வுக்கும் எதிரே காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன். இந்த ஒரு கட்டத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை.