எல்லன் வில்கின்சன்

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட பிரிட்டிஷ் அரசியலில் எனக்கு மிகவும் பிடித்தவர் எல்லன் வில்கின்சன். மான்செஸ்டரின் எளிய குடும்பத்துப் பெண், ஐந்தடிக்கும் குறைந்த உயரம், செம்பட்டை முடி. 1924இல் தொழிற்கட்சி எம்.பி. ஆனார். 1931இல் தோற்று, 1935இல் வடகிழக்கு இங்கிலாந்தின் ஜாரோ தொகுதியில் மீண்டும் ஜெயித்தார்.

கப்பல் கட்டும் தளத்தை மூடியதும் ஜாரோ ஊரே வேலையில்லாமல் நின்றது. 1936 அக்டோபரில் அந்த ஊர் ஆண்கள் 200 பேர் வேலை கேட்டு லண்டனுக்கு நடந்தே போனார்கள். எல்லனும் வழியில் பல இடங்களில் கூடவே நடந்தார். ஓக் மரப்பெட்டியில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு. அதை நாடாளுமன்றத்தில் வைத்தவரும் அவர்தான். பிரதமர் பால்ட்வின் அவர்களைச் சந்திக்கக்கூட மறுத்துவிட்டார். இப்போது படித்தாலும் கோபம் வருகிறது.

பலரும் பேசாத இன்னொரு விஷயம், 1938இல் அவர் கொண்டுவந்த தவணைமுறைச் சட்டம். அதற்கு முன், கடைசித் தவணை ஒன்று தவறினாலும் கடைக்காரர் வீடு புகுந்து தையல் மெஷினையோ கட்டிலையோ தூக்கிப் போய்விடலாம். கட்டிய பணமும் போச்சு. விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டிவிட்டால், நீதிமன்ற உத்தரவில்லாமல் பொருளைத் தொடக்கூடாது என்று ஆக்கினார்.

அப்புறம், 1932இல் கிருஷ்ண மேனனோடு இந்தியா வந்து, இங்கே நடந்த அடக்குமுறையை நேரில் பார்த்து எழுதியவர்களில் இவரும் ஒருவர்.