தாழ்வாரத்துப் பாகற்கொடி

பிப்ரவரி 3
சிங்கப்பூர் தேக்காச் சந்தையில் வாங்கிய பாகற்காயில் ஒன்றைக் கூடையிலேயே மறந்துவிட்டேன். இன்று பார்த்தால் ஆரஞ்சு நிறமாகப் பழுத்து வாய் பிளந்து கிடக்கிறது, உள்ளே சிவப்புச் சதை மூடிய விதைகள். போன மாதம் குழம்புக்கு நறுக்கும்போது எடுத்த வெள்ளை விதைகளை ஊன்றி ஏமாந்தேன். "பிஞ்சு விதை எப்படிடா முளைக்கும்?" என்று பட்டுக்கோட்டையிலிருந்து அம்மா போனில் சிரித்தார். இது முற்றியது, நகத்துக்கு அமுங்கவில்லை. கழுவி ஏழு விதை எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 5
தோல் ஓடு மாதிரி இருக்கிறது. நகவெட்டியால் நுனியை லேசாக வெட்டி, ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். இப்போது ஈரத் துணியில் சுற்றி டப்பாவில்.

பிப்ரவரி 11
நான்கில் வெள்ளை வேர். மற்றவை அழுகல். இரண்டு என் தொட்டிக்கு, இரண்டு மூலை வீட்டுச் சீன ஆண்ட்டிக்கு. "கூ குவா?" என்றார், சீனத்தில் பாகற்காய். அவர்கள் வாங்குவது வெளிர்பச்சையில் மழமழவென்று இருக்கும். இது கரும்பச்சை, முள்ளு முள்ளாக இருக்கும் என்று கையாலேயே விளக்கினேன்.

பிப்ரவரி 28
கொடி கம்பியைப் பிடித்துவிட்டது. எல்லா வீட்டாரும் நடக்கும் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதால் டேப் வைத்து அளந்து தொட்டியைச் சுவரோடு ஒட்டினேன். தொட்டிக்கு அடியில் இருந்த தட்டையும் எடுத்தாயிற்று. அதில் நிற்கும் தண்ணீர் போதும், ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசு குடும்பம் நடத்திவிடும்.

மார்ச் 16
பூ! ஒன்பது. எல்லாம் ஆண் பூ. "முதல்ல அதுதான் வரும், பொறு" என்கிறார் அம்மா.

மார்ச் 24
இன்னும் ஆண் பூதான். இலை மட்டும் காடாக மண்டிக் கிடக்கிறது. கோழி எருவை அள்ளிப் போட்டது என் தப்பு.

மார்ச் 29
இரண்டு பெண் பூ. இதழுக்குப் பின்னால் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பாகற்காய், அதிலும் முள் எல்லாம் சரியாக இருக்கிறது! நாலாவது மாடிக்குத் தேனீயை நம்ப முடியாது. ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, மகரந்தத்தை நடுவில் பட்டும் படாமல் தடவினேன். கையெல்லாம் மெல்லிய வாசனை. எம்ஆர்டி ரயிலைத் தவறவிட்டு, வேலைக்கு அரை மணி நேரம் தாமதம்.

ஏப்ரல் 4
ஒரு பிஞ்சு மஞ்சளாகிவிட்டது. கிள்ளிப் பார்த்தால் புழு. பழ ஈ துளைபோட்டு முட்டை வைத்திருக்கிறது. மூடியிருக்க வேண்டியது முதல் நாளே. மிச்சமிருந்த ஒன்றுக்குத் தமிழ் முரசுத் தாளைக் கூம்பாகச் சுருட்டி மாட்டினேன்.

ஏப்ரல் 13
பறித்தேன். என் உள்ளங்கை நீளம். நாளைக்குச் சமைக்கலாம் என்றால் அம்மா விடவில்லை. "வருஷப் பிறப்பன்னிக்குப் பாகற்காயா?"
"வேப்பம்பூப் பச்சடி மட்டும் தித்திக்குமா?"
"அது வேற, இது வேற."

ஏப்ரல் 15
புளி, வெல்லம் போட்டுக் குழம்பு. நாலு பேருக்கு ஆளுக்கு மூன்று துண்டு. சாப்பிடும்போது கதவு தட்டும் சத்தம். ஆண்ட்டி, கையில் முட்டை போட்டு வதக்கிய பாகற்காய் ஒரு தட்டு. அவர் கொடியில் இன்னும் ஆறு தொங்குகிறதாம். தாளும் சுற்றவில்லை, பூவும் தடவவில்லை. மூலை வீட்டுக்கு மத்தியான வெயில் உண்டு, சரி. ஆனாலும் ஆறு!