பெஞ்சு மேல் பக்கவாத்தியம்

கர்நாடக வயலின்காரனுக்குத் தரைதான் இடம். சம்மணமிட்டு, வயலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசித்தே எனக்கு முப்பது வருடம் ஓடிவிட்டது. அதனால் கடைசி நாட்களில் இருக்கும் நோயாளிகளுக்கு வாசிக்க வலி தணிப்பு வார்டுக்கு முதல்முறை போனபோது எந்த ராகம் வாசிப்பது என்பதை விட எங்கே உட்காருவது என்பதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. தரையில் உட்கார்ந்தால் கட்டிலில் இருப்பவருக்கு என் தலைகூடத் தெரியாது. நாற்காலியில் வயலினை ஊன்ற வழியில்லை. கடைசியில் ஆயாம்மா ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, "இதுல ஏறி உக்காருங்க சார்" என்றார்.

கச்சேரிப் பழக்கத்தில் கல்யாணியை விரித்தேன். எதிர்க்கட்டில் பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "சத்தம் தாங்கல தம்பி." அன்று மாலையே சத்தத்தைக் குறைக்கும் ரப்பர் மியூட் ஒன்று வாங்கி வந்து, வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரையில் மாட்டினேன்.

அமெரிக்காவில் மிசூலா நகரத்தில் 1992-லேயே இப்படி நோயாளிகள் அருகே வாசிப்பதற்கென்று ஒரு பயிற்சி தொடங்கியிருக்கிறார்கள். தெரீஸ் ஷ்ரோடர்-ஷேக்கர் என்ற ஹார்ப் கலைஞரின் முயற்சி அது. சாகப்போகிறவரின் மூச்சைக் கவனித்து அதன் போக்கில் வாசிக்க வேண்டும்; தெரிந்த பாட்டு வேண்டாம், அது நினைவுகளை இழுத்துவிடும் என்பது அவர்கள் கட்சி. பாட்டு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. சினிமாப் பாட்டு கேட்கிறவரிடம் போய் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மூச்சு விஷயம் மட்டும் அப்படியே சரி. கடைசி நாட்களில் மூச்சு பெரிதாகும், சிறுக்கும், சில விநாடி நின்றே போகும், மறுபடி தொடங்கும். எந்தத் தாளத்திலும் அடங்காது. ஆனால் நான் பக்கவாத்தியக்காரன். பாடுகிறவர் எங்கே நிறுத்தினாலும் நானும் நிறுத்தியே பழகியவன். தாலாட்டு ராகமான நீலாம்பரியில் ஒரு மூச்சுக்கு ஒரு வில், அவ்வளவுதான். மூச்சு நின்றால் வில்லும் நிற்கும்.

நினைவில்லாதவருக்கு இதெல்லாம் கேட்குமா என்று வீட்டார் கேட்பார்கள். வான்கூவரில் நடந்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. கடைசி மணி நேரங்களில் நினைவிழந்து கிடந்த சிலருடைய மூளை, ஒலி மாறும்போது நம் மூளை போலவே அசைந்ததாம். அதைச் சொல்வேன். அப்புறம் அவர்கள் அப்பா காதருகே குனிந்து பேச ஆரம்பிப்பார்கள். நான் இன்னும் மெதுவாக வாசிப்பேன்.

மூன்று வாரம் கழித்து சுவர்ப் பெரியவர் கையசைத்துக் கூப்பிட்டார். குரல் பாதியாகியிருந்தது.

"ஒண்ணும் காதுல விழல தம்பி. அந்த ரப்பரை எடு."

எடுத்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா என்னை முறைத்தார்.